லைவ் மேசைக்கு ஒரு ஏஐ எடுபிடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், நேரலை நடத்த உதவும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும் போலிருக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்யாண லைவ் எடுப்பவர், கும்பகோணம்: அண்ணா, முகூர்த்த மாதத்தில் ஏழெட்டுக் கல்யாணம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓபிஎஸ்ஸில் அதே பதினோரு சீன், அதாவது திரையமைப்புதான். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம், ஒரு போட்டோ, இவ்வளவுதான் மாறும். முதல் நாள் ராத்திரி இரண்டு மணி நேரம் இதற்கே போய்விடுகிறது. ஏஐ ஏஜென்டிடம் (சொன்ன வேலையைக் கணினியில் தானே செய்யும் ஏஐ) சொன்னால் அதுவே சீனைச் செய்து கொடுத்துவிடும் என்கிறார்கள், நிஜமா?

நிஜம்தான். அது எந்த வழியாக நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால் நல்லது, இல்லாவிட்டால் முகூர்த்தத்தன்று காலையில் முழிப்பீர்கள்.

ஓபிஎஸ்ஸுக்குள் வெளியிலிருந்து கட்டளை அனுப்ப ஒரு பக்கவாசல் இருக்கிறது, பெயர் வெப்சாக்கெட். முன்பு அதைத் தனி பிளகினாக, அதாவது துணை நிரலாக, இறக்கிப் போட வேண்டும். 2022-ல் வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. டூல்ஸ் மெனுவில் வெப்சாக்கெட் சர்வர் செட்டிங்ஸைத் திறந்து எனேபிள் டிக் போட்டால் 4455 என்ற போர்ட்டில் (கணினியின் இணைப்பு எண்) காத்திருக்கும், கடவுச்சொல்லும் அங்கேயே இருக்கும். போனிலிருந்து சீன் மாற்றும் ரிமோட் ஆப்களில் பலவும் இந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. சீன் உருவாக்கு, சோர்ஸ் (கேமரா, படம், எழுத்து என்று சீனுக்குள் வைப்பது) சேர், இத்தனை பிக்சல் தள்ளு, இதை மறை, ஸ்ட்ரீமை ஆரம்பி என்று மவுஸால் செய்கிற அநேகமான வேலைகளுக்கு இங்கே ஒரு கட்டளை உண்டு.

ஏஜென்டை இந்த வாசலில் கொண்டுவந்து விட இரண்டு வழி. ஒன்று எம்சிபி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட பொது நெறிமுறை அது, ஏஐ மாடலுக்கும் வெளிக் கருவிக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. ஓபிஎஸ்ஸுக்கான எம்சிபி சர்வர்களைப் பலர் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை மாட்டிவிட்டு "முகூர்த்தம் என்று ஒரு சீன் போடு, மேடை கேமரா முழுத்திரை, வலது கீழ் மூலையில் நாதஸ்வரக் கேமரா சின்னதாக" என்று தமிழிலேயே சொன்னாலும் செய்யும். இன்னொரு வழி, ஏஜென்டிடம் பைத்தான் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதி வாங்குவது.

உங்கள் வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மாதம் எட்டு முறை ஒரே பதினோரு சீன், மாறுவது நாலு விவரம். இதற்கு எட்டு முறையும் ஏஐயைக் கூப்பிட்டால் எட்டு முறையும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி செய்து வைக்கும், ஒரு கல்யாணத்தில் பெயர்ப்பட்டை இரண்டு விரல் மேலே, அடுத்ததில் கீழே. ஒரே ஒரு முறை அதோடு உட்கார்ந்து, பெயரும் தேதியும் ஒரு சின்ன ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்த ஃபைலில் நாலு வரி மாற்றி ஸ்கிரிப்டை ஓட்டினால் முடிந்தது, ஏஐக்கு அங்கே வேலையே இல்லை.

எழுதி வாங்கும்போது மூன்று விஷயத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தானாக அதற்குத் தோன்றாது. அளவு முதலில். உங்கள் திரை 1920-க்கு 1080. வலது கீழ் மூலையில் 480 அகலத்தில் ஒரு பெட்டி, ஓரத்தில் 40 பிக்சல் இடைவெளி என்றால் பெட்டியின் இடது மேல் மூலை 1400, 770-ல் வர வேண்டும். இந்தக் கணக்கை ஏஜென்ட் சரியாகவே போடும், ஆனால் பெட்டியைச் சின்னதாக்கும்போது இத்தனை சதவீதம் என்று ஸ்கேல் வைத்துவிடுகிறது. ஒரு கேமரா 1080-லும் இன்னொன்று 720-லும் வந்தால் அதே சதவீதத்தில் இரண்டும் இரண்டு அளவில் நிற்கும். அதனால் "ஸ்கேல் வேண்டாம், பவுண்டிங் பாக்ஸ் 480-க்கு 270 வை, படம் அதற்குள் அடங்கட்டும்" என்று சொல்லுங்கள், எந்த கேமராவை மாட்டினாலும் பெட்டி மாறாது.

அடுத்தது அடுக்கு. புதிதாகச் சேர்க்கும் சோர்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காரும், அதனால் கேமராவை முதலில் வைத்துவிட்டு மாவிலைத் தோரணம் போட்ட பின்னணிப் படத்தை அப்புறம் வைத்தால் கேமராவே தெரியாது. பின்னணி, கேமரா, பட்டை, எழுத்து என்று கீழிருந்து மேலாக வரிசையைக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, தான் செய்ததை அதுவே பார்க்க வைப்பது. எந்த சீனையும் படம் பிடித்துத் தரும் கட்டளை வெப்சாக்கெட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சீன் முடிந்ததும் 640 அகலத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்து என்று சொன்னால், தோரணம் கேமராவை மூடியதை அதுவே கண்டுபிடித்துச் சரிசெய்யும். படம் பார்க்காமல் வேலை செய்யும் ஏஜென்ட் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது போலத்தான், புள்ளிக் கணக்கு சரியாக இருக்கும், கோலம் வாசலுக்கு வெளியே கிடக்கும்.

ஆன்மிகச் சொற்பொழிவுகளை நேரலை செய்பவர், மதுரை: ஒரு சீனில் எழுத்தை மாற்றச் சொன்னேன், எல்லா சீனிலும் மாற்றிவிட்டது. கன்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பி வரவில்லை. ஏஜென்டின் கோளாறா, ஓபிஎஸ்ஸின் கோளாறா?

இரண்டின் மேலும் பழி இல்லை. இதே பள்ளத்தில் நானும் விழுந்தவன்தான், சொல்கிறேன்.

சித்தப்பா பெண் கல்யாணம், வீட்டு விசேஷம் என்பதால் லைவ் என் பொறுப்பு. "பெயர்ப்பட்டை" என்று ஒரு டெக்ஸ்ட் சோர்ஸை நாலு சீனில் பயன்படுத்தியிருந்தேன். முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாயங்காலத்துக்காக இருக்கட்டும் என்று, "இடைவேளை சீனில் 'வரவேற்பு மாலை 6.30' என்று எழுது" என்றேன் ஏஜென்டிடம். அது சொன்னதைத்தான் செய்தது. மாங்கல்ய தாரணம் முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது, மணமக்களுக்குக் கீழே அவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரவேற்பு மாலை 6.30. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா போன்: "என்னடா, தாலி கட்டியாச்சா, இல்ல சாயங்காலம்தானா?"

விஷயம் இதுதான். ஓபிஎஸ்ஸில் ஒரு சோர்ஸை நாலு சீனில் வைத்தால் நாலு சோர்ஸ் ஆகிவிடாது. ஒரே சோர்ஸுக்கு நாலு ஜன்னல், அவ்வளவுதான். எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிது, தெரிகிறதா மறைந்திருக்கிறதா, இவை ஜன்னலுக்கு ஜன்னல் வேறு. ஆனால் என்ன எழுத்து, என்ன நிறம், என்ன ஃபில்டர், எந்தப் படம் என்பதெல்லாம் சோர்ஸின் சொத்து, ஒரு இடத்தில் தொட்டால் எல்லா இடத்திலும் மாறும். எழுத்தோ ஃபில்டரோ மாற்றும் முன் "இந்த சோர்ஸ் வேறு எந்தெந்த சீனில் இருக்கிறது என்று பார்த்து என்னிடம் சொல்லிவிட்டுச் செய்" என்று ஏஜென்டின் நிரந்தரக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் சேர்த்திருக்கிறேன், பெரியப்பாவிடமிருந்து அப்புறம் போன் இல்லை.

கன்ட்ரோல் இசட் ஏன் வேலை செய்யவில்லை என்றால், நீங்கள் மவுஸால் செய்த மாற்றங்களைத்தான் ஓபிஎஸ் அந்தப் பட்டியலில் வைக்கிறது, வெப்சாக்கெட் வழியாக வருபவை அதில் ஏறுவதில்லை. ஆகவே ஏஜென்டைக் கூப்பிடும் முன், சீன் கலெக்‌ஷன் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து நகலில் விளையாடவிடுங்கள். பத்து விநாடி வேலை.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: எம்சிபி எல்லாம் எதற்கு, சீன்கள் ஜேசன் என்ற ஒரு வகை எழுத்து ஃபைலில்தானே இருக்கின்றன, அதை ஏஜென்டே நேராகத் திருத்தட்டும் என்று விட்டேன். திருத்திவிட்டேன் என்கிறது, ஃபைலைத் திறந்தால் திருத்தம் இருக்கிறது, ஓபிஎஸ்ஸில் ஒன்றும் காணோம். மூடித் திறந்தால் ஃபைலிலும் பழையதே!

ஓபிஎஸ்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே செய்தீர்கள், அதுதான். திறக்கும்போது ஃபைலைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் அதற்கு ஃபைல் தேவையில்லை. மூடும்போது தன் நினைவில் இருப்பதை எழுதிவிட்டுப் போகும், உங்கள் ஏஜென்டின் உழைப்பு அதன் அடியில் போய்விடும். ஓபிஎஸ்ஸை முழுக்க மூடிவிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். விண்டோஸ் என்றால் ஆப்டேட்டாவின் ரோமிங்குக்குள் ஓபிஎஸ்-ஸ்டூடியோ, பேசிக், சீன்ஸ் என்று உள்ளே போக வேண்டும். தொடும் முன் அந்த ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், ஒரு கமா தவறினாலும் கலெக்‌ஷன் ஒழுங்காகத் திறக்காது.

நூறு இடத்தில் ஒரே கோப்புறைப் பாதையை மாற்றுவது போன்ற மொத்த வேலைக்கு இந்த வழி நல்லதுதான். சீனை வடிவமைக்க வேண்டாம், என்ன வந்தது என்று ஏஜென்டால் பார்க்க முடியாது.

தமிழாசிரியை, கோயம்புத்தூர்: மேக்புக்கில் பாடம் எடுக்கிறேன். ஏஜென்ட் போடும் தமிழ் எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது. "செய்யுள்" என்று போட்டால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் மாற்று என்றேன், ஐந்து ஃபான்ட் மாற்றிவிட்டது, ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்று சாதிக்கிறது.

டீச்சர், ஃபான்டின் மேல் குற்றம் இல்லை, ஐம்பது மாற்றினாலும் அப்படித்தான் வரும். மேக்கிலும் லினக்ஸிலும் ஓபிஎஸ்ஸோடு வரும் டெக்ஸ்ட் சோர்ஸ் ஃப்ரீடைப் என்ற நூலகத்தை வைத்து ஒவ்வொரு குறியாக, வந்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகிறது. கணினிக்குள் "செ" என்பது முதலில் ச, அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவதும், "கொ" என்றால் கொம்பை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் பிரித்துப் போடுவதும் எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. ஆங்கிலத்துக்கு அந்த வேலை தேவையில்லை என்பதால் இந்த சோர்ஸ் அதைச் செய்வதே இல்லை. விண்டோஸில் இருக்கும் ஜிடிஐ பிளஸ் டெக்ஸ்ட் சோர்ஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதனால்தான் விண்டோஸ்காரர்களிடம் கேட்டால் "எனக்கு ஒழுங்காத்தானே வருது" என்பார்கள்.

வழி சுலபம். டெக்ஸ்ட் சோர்ஸை மறந்துவிட்டு பிரவுசர் சோர்ஸ் போடச் சொல்லுங்கள். அது உள்ளே குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியம், இணையப் பக்கத்தில் தமிழ் எப்படி ஒழுங்காக வருகிறதோ அப்படியே இங்கேயும் வரும். "ஒரு எச்டிஎம்எல் ஃபைலாகச் செய், பின்னணி ஒளிபுகும்படி இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட், அளவு 1920-க்கு 1080" என்று கேளுங்கள். அளவைச் சொல்லாவிட்டால் 800-க்கு 600 என்று வந்து நிற்கும். எச்டிஎம்எல் எழுதுவதில் இந்த ஏஜென்ட்கள் கெட்டிக்காரர்கள், செய்யுளின் அடி ஒவ்வொன்றாக மெல்லத் தோன்றி வரும்படிகூடச் செய்து தரும்.

அது "சரியாகிவிட்டது" என்று சாதித்ததற்கு ஒரு வார்த்தை: படத்தைச் சின்னதாக்கிப் பார்க்கும்போது கொம்பு இடம் மாறியது பெரும்பாலும் அதன் கண்ணில் படாது, தான் என்ன எழுதினோம் என்ற நினைப்பில் அப்படியே வாசித்துவிடும். இந்த ஒரு பிழை திருத்தலை மட்டும் அதனிடம் விடாதீர்கள். நீங்கள் விடவும் மாட்டீர்கள்.

இரண்டு கேமரா வைத்துக் கச்சேரி நேரலை செய்பவர், சென்னை: ஓடும்போதே ஏஜென்ட் பார்த்து கேமரா மாற்றுமா? வயலின் தனியாக வாசித்தால் வயலினுக்குப் போக வேண்டும், தனி ஆவர்த்தனம் வந்தால் மிருதங்கத்துக்கு.

மாற்றும், ஆனால் வயலின் முடித்து வித்வான் வில்லைக் கீழே வைக்கும் நேரத்துக்கு. படம் எடுத்து, அனுப்பி, மாடல் யோசித்து, கட்டளை திரும்பி வருவதற்குச் சில விநாடி ஆகிவிடும். கச்சேரியில் அந்தச் சில விநாடி என்பது ஒரு ஆவர்த்தனமே போய்விடும் நேரம். கையில் ஹாட்கீ (சீன் மாற்றும் குறுக்கு விசை) வைத்துக்கொண்டு தாளம் போட்டபடி உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஈடு கிடையாது.

ஆள் இல்லை என்றால் அட்வான்ஸ்டு சீன் ஸ்விட்சர் என்ற இலவச பிளகினைப் பாருங்கள். இந்த மைக்கில் ஒலி இந்த அளவுக்கு மேல் இத்தனை நேரம் நின்றால் இந்த சீனுக்குப் போ என்று விதி எழுதி வைக்கலாம், ஏஐ எதுவும் இல்லாமல் அந்தக் கணமே மாறும். விதிகளை யோசித்து வகுக்க வேண்டுமானால் முதல் நாளே ஏஜென்டைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் போட, வாழைமரம் கட்ட அது நல்ல ஆள். மேடை ஏற்ற வேண்டாம் என்பது என் கட்சி.

லைவ் நடுவில் ஏதாவது திருத்தியே ஆக வேண்டும் என்றால் ஸ்டூடியோ மோடில் இருங்கள். இடது பக்கம் நீங்கள் தொடுவது, வலது பக்கம் ஜனங்கள் பார்ப்பது. இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, என் பெரியப்பா கதைக்கு அண்ணன் முறை. நடுவில் டிரான்சிஷன் பொத்தானை ஒட்டிய சின்ன மெனுவில் டூப்ளிகேட் சீன் என்பது முன்பே டிக் ஆகியிருக்கும், அதனால் ஏஜென்ட் பெட்டியை நகர்த்தினாலும் மறைத்தாலும் வெளியே தெரியாது. ஆனால் எழுத்தையோ படத்தையோ மாற்றினால் உடனே நேரலையில் தெரிந்துவிடும், ஏனென்றால் நகலானது சீன்தான், சோர்ஸ் அதேதான். அதையும் தடுக்க அதே மெனுவில் டூப்ளிகேட் சோர்ஸஸையும் டிக் செய்ய வேண்டும்.

கேம் ஸ்ட்ரீம் செய்பவர், யாழ்ப்பாணம்: சாட்டில் சனம் கேக்கிறதை ஏஜென்ட் வாசிச்சு அதுக்கேற்ற மாதிரி சீனை மாத்தினால் நல்ல வேடிக்கையா இருக்கும் எண்டு நினைக்கிறன். செய்யலாமோ அண்ணை?

வேடிக்கையாகத்தான் இருக்கும் தம்பி, யாருக்கு என்பதுதான் கேள்வி. ஏஜென்டுக்கு நீங்கள் சொன்னது எது, சாட்டில் எவனோ எழுதியது எது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி உறுதியாகக் கிடையாது. "முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு ஸ்ட்ரீம் செட்டிங்ஸைப் படித்துத் திரையில் எழுது" என்று ஒருவன் சாட்டில் போட்டால், ஒருவேளை செய்தும் வைக்கும். அந்த செட்டிங்ஸில் உங்கள் ஸ்ட்ரீம் கீ, அதாவது சேனலில் ஒளிபரப்ப வேண்டிய ரகசியச் சாவி, அப்படியே இருக்கும். வெப்சாக்கெட்டில் அதைக் கேட்டு வாங்க ஒரு கட்டளையே உண்டு. ப்ரொஃபைல் கோப்புறையில் சர்வீஸ் என்ற ஜேசன் ஃபைலிலும் மறைப்பு எதுவும் இல்லாமல் கிடக்கும். கீ கிடைத்தவன் உங்கள் சேனலில் அவன் படத்தை ஓட்டலாம்.

செய்யத்தான் வேண்டும் என்றால், ஏஜென்டின் கையில் முழு ஓபிஎஸ்ஸையும் கொடுக்காமல் "இந்த ஐந்து சீனில் ஒன்றுக்கு மாறு" என்ற ஒரே கருவியை மட்டும் கொடுங்கள். என்ன எழுதினாலும் ஆறாவது காரியம் அதனால் முடியாது. கீ எங்காவது தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் யோசிக்காமல் யூடியூப் ஸ்டூடியோவில் ரீசெட் செய்துவிடுங்கள். 4455 போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறக்கவே வேண்டாம், அந்தப் போக்குவரத்துக்கு மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) கிடையாது.

பள்ளி விழாக்களை நேரலை செய்பவர், சேலம்: என்னிடம் இருப்பது பழைய ஐ3, 8 ஜிபி. லைவ் ஓடவே திணறுகிறது. இதில் ஏஜென்டும் ஓடுமா?

இணையத்தில் இருக்கும் மாடல் என்றால் யோசிக்கிற வேலை அவர்களின் சர்வரில் நடக்கும், உங்கள் கணினி கட்டளை வாங்கினால் போதும். ஆனாலும் அதே கணினியில் ஏஜென்ட் ஆப்பையும் திறந்து வைக்காதீர்கள். வீட்டில் இன்னொரு லேப்டாப் இருந்தால் அதில் ஏஜென்டை ஓட்டி, ஒரே வைஃபையில் இருந்துகொண்டு, லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்பதற்குப் பதில் ஓபிஎஸ் இருக்கும் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்து இணையுங்கள். வெப்சாக்கெட் செட்டிங்ஸில் ஷோ கனெக்ட் இன்ஃபோ என்ற பொத்தானை அழுத்தினால் அந்த முகவரியும் கடவுச்சொல்லும் காட்டும். அப்போது ஸ்கிரீன் ஷேரிங்கில் இல்லையே என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.